மலையில் படுப்பவர்கள்

கொடுங்கையூர்க் குப்பைமேட்டு வாசலில்
இரவு எடைமேடை என் பொறுப்பு.
லாரி நிறைந்து போகையில் ஓர் எண்,
காலியாய்த் திரும்புகையில் ஓர் எண்.
கழித்து எழுதினால் ஊர் தின்றது எவ்வளவென்று தெரியும்.

போன ஐப்பசியில், தண்டையார்பேட்டை லோடிலிருந்து
அட்டை கிழிந்த ஒரு புத்தகம் விழுந்தது.
நிஞ்சாக்களைப் பற்றி.
நாற்பத்தொன்று முதல் அறுபதுவரை பக்கம் இல்லை.
இருந்த பக்கங்களில் மீன் செதில்.

கறுப்பு உடுப்பு, நட்சத்திரக் கத்தி,
ஓட்டுக்கு ஓடு தாவல் என்றுதான் பிரித்தேன்.
அது மலையில் ஆரம்பித்தது.

இகா என்றொரு பள்ளத்தாக்கு.
பெரிய பிரபு என்று யாரும் இல்லை;
நாற்று நட்ட கையே ஈட்டியும் பிடித்தது.
மேலே காட்டில் துறவிகள்,
'மலையில் படுப்பவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.
அருவிக்கடியில் நிற்பார்கள், தணலில் நடப்பார்கள்,
சங்கு ஊதுவார்கள்,
ஒன்பது சொல்லுக்கு ஒன்பது விதமாய் விரல் பின்னுவார்கள்.
மறையும் வித்தை அவர்களிடமிருந்து
கீழே இறங்கியது என்பது கதை.

அவர்களுக்கும் முன்னால் தெங்கு.
நமக்குத் தெங்கு என்றால் தென்னை.
அங்கே அது பருந்து மூக்குள்ள மலைப்பேய்.
பிடித்தவனுக்கு வாள் சொல்லித் தருமாம்.
கர்வம் ஏறிய சாமியாரைத் தூக்கிப்போய்
மர உச்சியில் கட்டிவிட்டு வருமாம்.

புத்தகத்தை மூடி அண்ணாந்து பார்த்தேன்.
வடசென்னையில் ஏது மலை என்பவன்
இங்கே ஒரு ராத்திரி நிற்கட்டும்.
எரிமலைகூட.
பங்குனியில் தானே பற்றிக்கொள்ளும்,
பத்து நாள் புகையும்,
வியாசர்பாடிவரை இருமும்.
விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாய்ப் பருந்துகள்
மூக்கை இறக்கையில் செருகித் தூங்கும்.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு மாளிகை.
அதன் நடைக்கூடத்தில் கால் வைத்தால்
பலகை குருவிபோல் கீச்சிடும்.
பூனைநடை போட்டாலும் காட்டிக்கொடுக்கும்.

பக்கிரியின் லாரி காலியாய் 5,240.
செவ்வாயன்று திரும்பும்போது 5,300.
புதன், 5,300.
ஞாயிறு, 5,240.
வியாழன் மறுபடி கீச்சிட்டது என் பலகை.

டார்ச்சோடு ஏறித் தார்ப்பாயைத் தூக்கினேன்.
மாநகராட்சிச் சட்டை போட்ட ஒருத்தி,
மடியில் செம்புக் கம்பி மூட்டை,
பக்கத்தில் துடைப்பம்.
"வாட்ச்மேன் பாக்கலியா உன்னை?"
"பாத்தாரே. தொடப்பத்தப் பாத்தாரு."
"எத்தினி நாளா?"
"எட்டு மாசம். எழுதிக்கினு வுடு சார், விடியப் போவுது."

பெயர் தேசம்மா. கேட்டுத்தான் வாங்கினேன்.
கறுப்பு உடுப்பு நாடக மேடைக்கு வந்தது பிற்பாடு,
வேலைக்குப் போனவன்
மருந்து விற்பவனாய், பிச்சைச் சாமியாராய்,
பொம்மலாட்டக்காரனாய்ப் போனான்
என்று அறுபத்துமூன்றாம் பக்கம் சொல்லியிருந்தது.
படித்தபோது புரியவில்லை.

5,240 என்று எழுதினேன்.
மறுநாளும் அதையே.

கணக்கின்படி இப்போது
ராத்திரிக்கு அறுபது கிலோ வெளியே போகவில்லை.
ஆடிட்டர் வந்து கூட்டினால்
தேசம்மாவும் மூட்டையும் இன்னும் மேலேயே இருக்கிறார்கள்,
ஒன்றின்மேல் ஒன்றாய் நூறு தேசம்மா,
மலையில் படுத்தபடி.

நேற்று பக்கிரி லாரி
சரியாக 5,240 காட்டியது.
வரவில்லையா,
வேறு வழி பிடித்தாளா,
அல்லது என் மேடையை மிதிக்காமல் கடக்க
எதுவும் அவளுக்குச் சொல்லித் தந்ததா.
டார்ச்சை எடுத்தேன். அடிக்கவில்லை.
மூன்றாம் கம்பத்தில் பருந்து இல்லை.