கூரை தெரியும் ஆறு நிமிடம்

மதியச் சோற்றுக்குப் பின்னால் வரும் வகுப்பு.
பெருந்துறை வெயில்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
பலகையில் கட்டம் போடுகிறேன்:
குறுக்கே முப்பது நாள், நெடுக்கே பெயர்கள்,
கா, மா, இ.
நாற்பது பேரில் பன்னிரண்டு பேர்
கண் திறந்தபடியே தூங்குகிறார்கள்.
நைட் டூட்டிக்கு அதுவும் ஒரு தகுதிதான்
என்று நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புரொஜெக்டரைப் போட்டேன்.
ஆண்கள் வார்டு, பின்னிரவு மூன்றரை,
செல்போனில் எடுத்தது.
அருள்ஜோதி சிஸ்டர் நடக்கிறார்.
டிரிப்ஸ் மாற்றுகிறார், நடக்கிறார்,
ஒருவருக்கு வாந்திக் கிண்ணம் பிடிக்கிறார்,
நடக்கிறார், நின்றபடி நோட்டில் எழுதுகிறார்,
எழுதும்போதே
ஒரு காலால் மறு காலைத் தேய்த்துவிடுகிறார்.
நாலு நிமிடம். வெட்டித் துடைத்து வைத்தது.
எண்ணுங்கள் என்றேன்.

எண்ணினார்கள்.
முப்பத்திரண்டு கட்டில்.
இருநூற்றுப் பத்து எட்டு என்றான் கவுசிக்,
இருநூற்றுப் பதினாலு என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.
வகுத்து, பெருக்கி,
ரெண்டு பேர் டூட்டிங்க மேடம் என்றார்கள்.
பாடப் புத்தகம் ஒத்துக்கொள்ளாது,
எங்கள் ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்ளும்.
அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தேன்.

வெள்ளகோவில் துளசிமணி எழுந்தாள்.
நூல்மில்லில் அப்பனுக்கு மூணாம் ஷிப்ட்,
அம்மாவுக்கு முதல் ஷிப்ட்;
அவர்கள் வீட்டுக் கதவுக்கு ரெண்டு சாவி.
"ஏனுங் மேடம்,
ஓரத்துக் கட்டில்ல ஒருத்தர் கையத் தூக்குறாருங்க.
சிஸ்டர் அக்கட்டால திரும்பி நிக்கறாங்க, பாக்கல.
போன் புடிச்சிருக்கறவங்க பாத்துட்டுத்தானுங்களே இருந்தாங்க?
அவங்க எந்தக் கட்டத்துல வர்றாங்க?"

பன்னிரண்டு பேரும் விழித்துக்கொண்டார்கள்.

எட்டு வருஷமாகப் போடுகிறேன் இந்த வீடியோவை.
பிடித்த கையை யாரும் கேட்டதில்லை.
கை என்னுடையது.
அன்றைய ரோஸ்டரில் இரண்டாவது ஆள் நான்.
பிள்ளைகளுக்குக் காட்டப் படம் வேண்டும் என்று
மேலே கேட்டிருந்தார்கள்.

வெட்டியெடுத்த மிச்சம் பென்டிரைவில் இருந்தது,
'தேவையில்லாதது 2' என்ற பெயரில்.
போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஓரத்துக் கட்டிலில் கை எழுகிறது.
படம் குலுங்கி, மேஜைமேல் மல்லாந்து விழுகிறது.
அப்புறம் கூரை.
ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன்,
ஒற்றை இறக்கையில் மட்டும் ஒட்டடை.
ஆறு நிமிடம் கூரை மட்டும்.
இதை எந்தப் பிள்ளை பார்க்கும் என்றுதான் வெட்டினேன்.

ஓடும் செருப்பு.
கம்பியில் இழுபடும் திரைவளையம்.
ஆக்சிஜன் உருளையின் தரதரப்பு.
என் குரல்: ஐயா, ஐயா, இங்க பாருங்க.
அருள்ஜோதி: நீ புடி, நான் டாக்டரக் கூப்படறேன்.
வேறெங்கோ ஒரு மணி
அடித்து அடித்து ஓய்கிறது.
யாரோ, தண்ணி, என்கிறார்.
கொஞ்சம் பொறுத்து,
சித்தெ தண்ணி குடு கண்ணு.
ஃபேன் சுற்றுகிறது.

"பொழைச்சுட்டாருங்களா?"
பிழைத்துவிட்டார். நடந்து வீட்டுக்குப் போனார்.
"தண்ணி கேட்டவருங்க?"
பலகையைப் பார்த்தேன்.
அங்கே கா, மா, இ தவிர ஒன்றுமில்லை.
எனக்கு அவர் முகமே தெரியாது.
எட்டு வருஷம் கழித்துத்தான்
குரலையே கேட்கிறேன்.

அப்புறம் ஒரே இரைச்சல்.
ரெண்டை அடித்து மூன்று என்றார்கள்,
மூன்றை அடித்து நான்கு.
கவுசிக் ஓரத்தில் எழுதினான்: தண்ணிக்கு ஒருத்தர்.
அப்படி ஒரு போஸ்டிங் கிடையாதுடா என்றேன்.
இருக்கட்டுங்க மேடம் என்றான்.
அழிக்கவில்லை, நானும் அவனும்.

சரி, பெயரை நிரப்புங்கள் என்றேன்.
மாதம் பங்குனி.
பண்ணாரிக் குண்டம் இறங்குகிற அன்றைக்கு
நைட் யாருக்கு?

நாற்பது பேரும்
பென்சில் சீவத் தொடங்கினார்கள்.