ரோமிங்

முதலில் பிந்தான் என்றுதான் பேச்சு.
வெள்ளை மணலும் கயிற்று ஊஞ்சலும்
குடை செருகிய இளநீருமாய்ப் படம் படமாய்
குழுவில் அனுப்பிக்கொண்டிருந்தாள் ரொவேனா.
ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் எரிய
உட்லண்ட்ஸ் ரயிலில் நின்றபடி
பதினோரு பேரும் கட்டைவிரல் உயர்த்தினோம்.

அப்புறம் கழன்றது ஒவ்வொன்றாய்.
குமுதினிக்கு விசாக் காசு கட்டுபடியாகவில்லை.
தின் தின் ஏ வெளியே போனால்
திரும்பி நுழையும் தாளில் ஏதோ சிக்கல்.
ஆரோக்கியசெல்வியின் பாஸ்போர்ட்
புதுப்பிக்கக் கொடுத்து ஆறு வாரம்,
எந்த இழுப்பறையில் குப்புறக் கிடக்கிறதோ.

"கடல் தாண்டணும், அவ்வளவுதானே?
பாஸ்போர்ட் கேட்காத தீவு ஒண்ணு இருக்கு" என்றாள்.

சாங்கி படகுத்துறையில் தலைக்கு நாலு வெள்ளி.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு.
நாங்கள் பதினொன்று.
படகுக்காரர் நாளிதழை விரித்துக்கொண்டார்.
அப்படியொரு அவசரமில்லாத முதுகை
இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.
இல்லாத ஆளுக்கும் நாமே கொடுத்துவிடலாம் என்று
நாலு வெள்ளியைப் பதினொன்றால் வகுத்து
முப்பத்தாறு காசில் நின்றபோது
புது மின்விசிறிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி
வந்து ஏறினார் உபின்வாசி ஒருவர்.
இறங்கும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

பத்து நிமிடக் கடல்.
எடுத்த படங்களில் எல்லாம்
பதின்மூன்றாவது ஆளாய் டீசல் புகை.

வாடகை சைக்கிளில் எனக்கு வாய்த்தது
மணி இல்லாத, பிரேக் பாதியான ஒன்று.
முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளினார் இருதயராஜ்.
பன்னிரண்டு மணி நேரம் எங்களைத் தள்ளுகிற சூப்பர்வைசர்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மணி இருந்தவர்கள் மணி அடித்தார்கள்.

நாலு மணிக்கு எழுந்து நான் கிளறிய எலுமிச்சைச் சாதத்தைப்
பையோடு கவ்விப் போனது ஒரு காட்டுப்பன்றி,
பின்னால் கோடு போட்ட குட்டிகள்.
கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது.
"உறைப்புக் காணாதாம், ஊறுகாய் கேக்குது" என்றாள் குமுதினி.
அப்போதுதான் தெரிந்தது,
தின் தின் ஏ சிரித்தால் கன்னத்தில் குழி விழும்.
தூசு புகாத அறையில்
இரண்டு வருடமாய் அடுத்த இயந்திரம் அவளுடையது.
கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு
ஒருத்தியைத் தெரியும் என்று நினைத்திருக்கிறேன்.

கருங்கல் வெட்டியெடுத்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றோம்.

வடகரையில் அலையாத்தி வேருக்கு அப்பால்
எட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் ஜொகூர்.
ஆரோக்கியசெல்வியின் கைப்பேசி ஒருமுறை துடித்தது.
உரக்கப் படித்தாள்:
மலேசியா உங்களை அன்புடன் வரவேற்கிறது.

திரும்பவும் படித்தாள்.
ஓரடி பின்னே வைத்தால் சிங்கப்பூர்,
ஓரடி முன்னே வைத்தால் மலேசியா.
திரையைப் பார்த்தபடி
பாண்டி ஆடுகிறவள்போல் தாவிக்கொண்டிருந்தாள்,
முப்பத்தோரு வயது, கணுக்கால்வரை சேறு.
"ரோமிங்கை அணை, பில் எகிறும்" என்று கத்தினார் இருதயராஜ்.
"எகிறட்டும்" என்றாள்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில்
தானாகவே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது கைப்பேசி.
அதற்கு வரவேற்புச் செய்தி ஒன்றும் இல்லை.
இருந்தாலும் அவள்
ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுபடியும் பதினோரு பேர்.
மின்விசிறிக்காரர் எந்த வீட்டில்
எந்தக் கம்பியில் அதைச் செருகிக்கொண்டிருக்கிறாரோ.
நாளை ஏழுக்கு ஷிப்ட்.
முப்பத்தாறு காசு எல்லாரிடமும் இருந்தது,
கணக்கை யாரும் எடுக்கவில்லை.
பலகையில் வரிசையாய் உட்கார்ந்து
பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
யாரும் வந்துவிடக் கூடாதே என்று.