தாமதச் சீட்டு

ஆவுடைப்பட்டி ஹால்ட்டில்
ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது.
கொடி கிடையாது, மணி கிடையாது.
கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற நான் உண்டு.
காரைக்குடியில் முன்பணம் கட்டிக்
கட்டாக வாங்கிவந்து
ஒவ்வொன்றாகத் தேதி குத்திக் கொடுக்க வேண்டும்.
விற்காத நாளில் என் காசு
என் மேசைமேலேயே உட்கார்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிளாட்பாரம் என்பது
தண்டவாளத்தைவிட ஒரு சாண் உயர்ந்த செம்மண்.
ஏறுகிறவர்கள் முதலில் மூட்டையை ஏற்றுவார்கள்,
பிறகு கம்பியைப் பிடித்துத் தங்களை.
மயில் மட்டும் எந்தச் சிரமமும் இல்லாமல்
பெயர்ப்பலகையில் ஏறி எச்சமிடும்.
பாதி நாள் நாங்கள் வுடைப்பட்டிதான்.

பவுலின் இருக்கிற ஊரிலும் சின்ன ஸ்டேஷன்தானாம்.
நகோயாவிலிருந்து ஏழாவது நிறுத்தம்.
அங்கேயும் ஆள் கிடையாது.
முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகையில்
போனைத் திருப்பிக் காட்டுவாள்:
வேலிக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுத் துணியோ காய்கிறது.
ஒரு சைக்கிள் கொட்டகை.
காசு போட்டால் சூடாகக் காபி டப்பா தள்ளுகிற பெட்டி.
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்
அளந்து நிறுத்தின மாதிரி பத்துப் பேர்.
"ஏழு நாற்பத்திரண்டு, பாரும்மா" என்பாள்.
வண்டி வந்துவிடும்.
இங்கே விடிகாலை நாலு பன்னிரண்டு.
நான் அடுப்புகூடப் பற்றவைத்திருக்க மாட்டேன்.

ஒருநாள் அங்கே ஆறு நிமிஷம் பிந்திவிட்டது.
யாரோ தண்டவாளத்தில் குடையைப் போட்டுவிட்டார்களாம்.
இறங்கின இடத்தில் ஒருவர் குனிந்து குனிந்து
ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தாராம்:
தாமதம் வண்டியுடையது, இவருடையது அல்ல என்று.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ஆறு நிமிஷம் என்பது
எங்கள் பாசஞ்சர் இருமிக்கொள்கிற நேரம்.

ஆனால் அந்தச் சீட்டு
புடவையில் ஒட்டின புல்விதை மாதிரி
கூடவே வந்தது.

ஆடி பிறந்து மூன்றாம் நாள்
எட்டேகால் வண்டி ஒன்பது ஆறுக்கு வந்தது.
வயிரவனுக்குத் தேவகோட்டை கோர்ட்டில் வாய்தா.
வரப்பு வழக்கு, பதினோராம் வருஷம்.
ஏழரைக்கே வந்து நின்றவர்.
சலவைச் சட்டையில் வேர்வை பரவுவதை
ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏறப்போனவரைக் கூப்பிட்டேன்.
பழைய கணக்குத்தாளின் பின்பக்கம் எழுதினேன்:

'வண்டி ஐம்பத்தோரு நிமிடம் தாமதம்.
இவர் நேரத்துக்கு வந்திருந்தார்.
நான் பார்த்தேன்.
அடைக்கலமேரி, ஹால்ட் ஏஜெண்ட்.'

கையெழுத்துப் போதாது போலிருந்தது.
டிக்கெட் குத்துகிற மெஷினில்
தாளின் ஓரத்தைச் செருகித் தேதி குத்தினேன்.
எனக்கு அதிகாரம் இல்லை. தெரியும்.

பெஞ்சு கிளார்க் சிரித்தாராம்.
டவாலியும் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.
வழக்கு எப்படியும் ஐப்பசிக்குத் தள்ளிப்போயிருந்தது.
ஆனாலும் வயிரவன் அதைப்
பத்திர நகலோடு சேர்த்து வைத்திருக்கிறார்.
"பதினோரு வருஷத்தில்
என் பக்கம் கையெழுத்துப் போட்ட சாட்சி
நீங்க ஒருத்திதான்" என்றார்.

அப்புறம் கேட்க ஆரம்பித்தார்கள்.
புதுவயல் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிற உமையாள்,
அரை நாள் சம்பளம் போகிறதென்று.
டயாலிசிஸுக்குப் போகிற பீர்முகமது கேட்கவில்லை;
நானாகவே எழுதிக் கொடுத்தேன்.
இதற்குக் கமிஷன் கிடையாது.

பவுலினிடம் சொன்னேன்.
"மாட்டிக்கப்போற" என்றாள்.
அதற்குமேல் பேச்சில்லை.
அங்கே வண்டி வந்துவிட்டது.

நேற்று, மாதாமேல் ஆணை,
எட்டேகால் பாசஞ்சர் எட்டேகாலுக்கே வந்தது.
எட்டு பதினாறுக்குப் போயும்விட்டது.
எட்டு இருபதுக்குச் சேவுகமூர்த்தி
இட்லியை மென்றபடி,
ஒரு ஷூ காலில் ஒன்று கையில்,
வெறும் தண்டவாளத்தைப் பார்த்து நின்றான்.
பாலிடெக்னிக். முதல் மணி. டெஸ்ட்.
ஜன்னலுக்கு வந்து
ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினான்.
பொய் எழுத மாட்டேன் என்றேன்.
பொய் வேண்டாம் என்றான்.

பேனாவை உதறி உதறி யோசித்தேன்.

'வண்டி இன்று சரியான நேரத்துக்கு வந்தது.
இவன் இதை எதிர்பார்க்கவில்லை.
நானும்தான்.'

தேதி குத்தினேன்.