தங்கூசி

வலது செருப்பு எங்கே கழன்றதென்று
வலது காலுக்குத் தெரியாது.
களுவாஞ்சிக்குடிச் சந்தையில் விளைமீன் வாங்கி
மெயின் ரோட்டைக் கடந்து
மதில் ஓரமாய் நடந்து வந்து
படலையைத் திறக்கும்போதுதான்
ஞானமலர் கேட்டாள்,
"மற்றது எங்க?"

குனிந்து பார்த்தேன்.
தார் ஒட்டிய பாதம்
யாரோ இரவல் தந்தது போல் கிடந்தது.

மறுநாள் மீன்கார உவைஸ் கொண்டுவந்தான்,
சைக்கிளில், ஐஸ்பெட்டிக்கு மேலே வைத்து.
"கூப்பிட்டன் அண்ணன், நீங்க திரும்பவே இல்ல."
செருப்பு குளிர்ந்திருந்ததாகக் கை சொன்னது.
கை இன்னும் சொல்லும்.

இருபத்தாறு வருஷம்
அக்கரைப்பற்று பஸ்ஸை நிறுத்திய கால் இது.
ஒருநாள் கல்லாற்றுப் பாலத்தில்
பிரேக்கை மிதித்திருக்கிறேனா என்று
கண்ணால் குனிந்து பார்க்க வேண்டி வந்தது.
அன்று பின்னேரமே டிப்போவில் சாவியைக் கொடுத்தேன்.
இப்போது மற்றவர்கள் பிந்திய நேரத்தை
கொப்பியில் எழுதுகிறேன்.

வியாழன் கிளினிக்.
நஸ்மியா மிஸ்ஸின் கையில் ஒரு தங்கூசித் துண்டு,
ஒட்டிக்குஞ்சும் பிடிபடாத நீளம்.
"கண்ணை மூடுங்க. தொட்டா ஓம் எண்டு சொல்லுங்க."
எந்த மீனும் இவ்வளவு ஆசையாய்த்
தூண்டிலுக்குக் காத்துக் கிடந்திராது.
ஓம் என்றேன்.
பிறகும் ஓம்.
கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா ஓம்.
"நான் இன்னும் தொடவே இல்ல ஐயா."

தொட்டது தெரியாது இந்தக் காலுக்கு.
தொடாதது எல்லாம் தெரியும்.
இரவு ரெண்டு மணிக்குக் கட்டெறும்பு ஏறும்,
லைட்டைப் போட்டால் ஒன்றும் இல்லை.
போர்வையின் ஓரம் பட்டால்
அரிசி மூட்டை விழுந்த மாதிரி.
குளிசை போட்டால் எரிவு எழும்பிப் போய்
பக்கத்து அறையில் இருக்கும்,
கதவைச் சாத்தாமல்.

கையை விட்டுத் தடவாமல்
சப்பாத்துக்குள் கால் விடுவதில்லை.
போன கிழமை உள்ளே ஒரு சோடாப் போத்தல் மூடி.
குளிக்கிற சுடுதண்ணியை
ஞானமலரின் முழங்கைதான் பார்க்கும்.
வைகாசிச் சடங்குக்கு
செருப்பைக் கழற்றாமல்
ரோட்டில் நின்றே அம்மனைக் கும்பிட்டேன்.
ஆரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னது போல்தான் இருந்தது.

இராச்சாப்பாட்டுக்குப் பிறகு
முகம் பார்க்கிற கண்ணாடியை
என் பாதத்துக்குக் கீழே பிடிப்பாள்.
டோர்ச் அடித்து, விரல்களை விலக்கி விலக்கி,
டிக்கெட் செக்கர் மாதிரி.
"இது எப்ப வெட்டினது?"
எனக்கு எப்படித் தெரியும்?
பேசுவாள். துடைப்பாள். மருந்து கட்டுவாள்.
வெடித்த குதிக்கு க்ரீம் பூசுவாள்,
விரல் இடுக்கை மட்டும் விட்டு.

இடது குதியின் உட்பக்கம்
ரெண்டு ரூபாய்க் குத்தி அளவில்
ஓர் இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.
மிஸ்ஸுக்குத் தெரியும்.
இவளுக்கு நான் சொன்னதில்லை.
ஆனாலும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
கடைசியாய் அங்கேதான்
பெருவிரலால் ஒருக்கா அழுத்துவாள்.

"ஓம்" என்பேன்.

"என்ன ஓம்? லைட்டை நூருங்க."