தராசு நம்பாதது

இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
என் தராசு நம்பாது.
லாரியோடு ஏறினால்தான் கல்லுக்கு மரியாதை.
அதனால் இருதயசாமி கைக்குட்டையை அவிழ்த்து
மேசையில் வைத்ததை
உள்ளங்கையில்தான் நிறுத்துப் பார்த்தேன்.

தேன் மஞ்சள். கட்டைவிரல் பருமன்.
"பசார் மாலாமில் வாங்கினேன். புஷ்பராகம்.
எண்ணூறு வெள்ளி, நாலு தவணை.
மகள் நிச்சயத்துக்கு."

சுங்கை சிப்புட் முழுக்க மழை.
ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டத்துக்குப் பின்னால்
மலையில் நாங்கள் விற்றுத் தீர்த்த பாதியில்
மேகம் உட்கார்ந்திருந்தது.

நகத்தால் கீறினேன். விழவில்லை.
அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.
லாரிச் சாவியால் கீறினேன்.
விழுந்தது.
சாவிமுனையில் ஒட்டிய தூள் வெள்ளை.
இவ்வளவு மஞ்சளுக்குள் இவ்வளவு வெள்ளையா என்றார்.
மஞ்சள் இதன் சொந்த நிறமில்லை அண்ணே,
துளி இரும்பு எங்கோ கலந்திருக்கும்.

குடித்து முடித்த தே ஓ லீமாவின் அடியிலிருந்து
எலுமிச்சைத் துண்டை எடுத்து
தூளின் மேல் பிழிந்தேன்.
குமிழ். இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம்.
அது மூச்சு விடுவதை
நாங்கள் மூச்சு விடாமல் பார்த்தோம்.

"உயிருள்ள கல்லோ?"

கால்சைட்.
தினம் உங்கள் லாரியில் ஆறு நடை போகிறதே,
அந்தச் சுண்ணாம்புக் கல்லின்
நகை போட்ட தங்கை.
லயத்துச் சுவருக்கு வருஷா வருஷம் அடித்ததும்
இதே வம்சம்தான்.

சொன்னதைவிட
நான் சொன்ன வேகம் அவரைச் சுட்டிருக்கும்.
வெடுக்கென்று எடுத்தார். நழுவியது.
சிமென்ட்டுத் தரையில் நொறுங்கும் என்று நினைத்தேன்,
பிரிந்தது.
யாரோ ஒருபக்கமாய்த் தள்ளிவிட்ட பெட்டிபோல் ஒவ்வொரு துண்டும்.
அதே சாய்வு.
பட்டாணி அளவுத் துண்டுக்கும் அதே சாய்வு.

தெளிந்த ஒன்றைத் தேர்ந்து
தவணை ரசீதின் மேல் வைத்துக் குனிந்தவர்
வெகுநேரம் நிமிரவில்லை.
"மாதங்கி, இங்க வந்து பாரு."

பாக்கி நானூறு.
கல்லுக்கு அடியில் இரண்டு நானூறு,
ஒன்றின் தோளில் ஒன்று.

அவர்தான் முதலில் சிரித்தார்.
பின்னால் நின்ற லாரி ஹார்ன் அடித்தது.
"டன் என்ன விலை இப்போ?"
சொன்னேன்.
துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு
வண்டியை மேடையில் ஏற்றினார்.

முப்பத்தாறு டன், நூற்றிருபது கிலோ.
முடிச்சு அதில் சேர்ந்ததா
தெரியாது.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.