வரிசை எண் நாற்பத்தொன்று

முக்கூடலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
பையில் இருந்தவை:
சிவப்புக் கம்பளி நூலுருண்டை, எட்டு மரக்கட்டை,
ஒரு கிலுக்கு, மீதிப் படிவங்கள்.
உலர் திராட்சையும் இருந்தது முந்தாநாள் வரை.
விரலால் பொறுக்குகிறதா என்று பார்க்கக் கொடுத்தது.
முப்பதாவது வீட்டுக்குள் தீர்ந்துபோனது.
பாதி நான் தின்றது.

"வீட்டை நீ தேர்ந்தெடுக்காதே,
எண் தேர்ந்தெடுக்கட்டும்" என்றிருந்தார் துறைத்தலைவர்.
நாய் கட்டிப் போட்டிருக்கும் வீட்டையும்
தாண்டிப் போகக் கூடாது.
அப்படித்தான் எண் என்னை
முப்பிடாதி வீட்டில் கொண்டு நிறுத்தியது.

மடியில் சுளகு. சுளகில் இலையும் தூளும்.
சுருட்டி, நுனி மடக்கி, நூல் சுற்றுகிற விரல்கள்
பேசும்போதும் நிற்கவில்லை.
சுளகுக்கு அந்தப்பக்கம் தர்ஷிகா,
ஒன்பது மாதம் நாலு நாள்.
என் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வீறிட்டாள்.
வேற்று முகம் கண்டு அழுதல்: ஆம்.
அழுகைக்கும் மதிப்பெண் உண்டு எங்கள் பாடத்தில்.

துண்டுக்கடியில் கிலுக்கை ஒளித்தேன்.
துண்டை அவள் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள், வெகுநேரம்.
ஒளித்த ஆளைப் பார்ப்பது எத்தனையாவது மாதம் என்று
படிவத்தில் இல்லை.

"நூத்தி இருவது பிள்ளையளப் பாத்துட்டு
ஊர்ப் பிள்ளைய அம்புட்டையும் சொல்லிருவியளா?"
மாதிரி, எடுகோள், பிழை என்று ஆரம்பித்தேன்.
"பீடிக்கடையிலயும் அதான்.
ஒரு கட்ட உருவி நசுக்கிப் பாப்பான்.
அதுல ரெண்டு தொளதொளன்னு இருந்தா
ஆயிரமும் கழிவு.
மேலாப்புல நல்ல கட்டா அடுக்கிப் பாத்தேன்.
ரெண்டு வாரம் ஓடுச்சு.
பொறவு அடியில கைய விட ஆரம்பிச்சுட்டான்."

குற்றமற்றதைத் தள்ளுவது முதல் வகைப் பிழை.
இரவெல்லாம் மனப்பாடம் செய்தும் ஒட்டாதது
அந்தச் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டது.
கழித்த பீடி அப்புறம் எங்கே போகும் என்றேன்.
"அவனே வச்சுக்கிடுவான்" என்றாள்,
"விக்கத்தான்."

அந்த நேரத்தில்தான் தர்ஷிகா குனிந்தாள்.
சிந்திக் கிடந்த ஒரு தூள்,
எள்ளை விடச் சின்னது.
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
நுனியோடு நுனி வந்து சேர்ந்தன.
அவ்வளவு சுத்தமாகப்
பாடப்புத்தகப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

'ஆம்' என்று டிக் போட்டேன்.
பிறகுதான் பாய்ந்து
வாயிலிருந்து தோண்டி எடுத்தேன்.
இந்த வரிசையில்தான் நடந்தது.
மாற்றிச் சொல்ல மனமிருக்கிறது.

"நானும் தட்டித் தட்டி விடுதேன்.
எட்டு மாசத்துலயே பொறுக்க ஆரம்பிச்சுட்டா" என்றவள்
நூலை அறுத்துக்கொண்டே கேட்டாள்:
"மார்க்கு எப்பிடி?"
"நல்ல மார்க்கு" என்றேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் குரல் கொடுத்தாள்:
"ஏளா பாவதி, எம் பிள்ள பாசாயிட்டா!"

ஹைகிரவுண்டில், கல்லூரி மாடியறையில்
நூற்றிருபது வரிசையும் கணினிக்குள் போயின.
பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள்
விரல் வேலையில் ஒரு படி மேல்.
பி மதிப்பு பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று.
துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"சுவாரசியமா இருக்கே" என்றார்.
எதைப் பொறுக்கியது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
கட்டம் போட்டவள் நான்.
சொன்னேன்.
"அடுத்த ஆய்வுல சேத்துக்கலாம்மா."

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து வந்தவர்
வாட்சைப் பார்த்தபடி கேட்டார்:
"விரல்நுனிப் பிடி எந்த மாசம்?"
எட்டு என்று வந்தது, பல்வரை.
"ஒன்பது, சார்."
"வெரி குட்" என்று
அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.