பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு

மறைப்பது எளிது.
வலப்பொத்தான், ஒரு சொடுக்கு.
இலக்கத்தின் மேல் சாய்கோடொன்று விழும்.
படம் மங்கும், அழியாது.

அழிக்கத்தான் சேர் சொன்னவர்.
"பிள்ளை, அந்தப் பதினொண்டு வேண்டாம்.
கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம்.
குளத்தைக் கதைப்பம்,
கம்பியை இண்டைக்கு ஏன்?"
கெட்டவர் இல்லை அவர்.
பங்குனியில் இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார்,
பிள்ளைகள் வவுனியாவில் படிக்கினம்.
அழிக்கும் விசைவரை போன விரல்
திரும்பி வந்து மறைத்தது.
அவ்வளவுதான் என் துணிவு.

பதினொன்றில் இருப்பது ஒரு படம்.
மாசி மாதம், காலை ஏழரைக்கு நான் எடுத்தது.
இடதுகரை வாய்க்கால்
புதுச் சீமெந்தோடு நேரே போய்
முட்கம்பிக்குக் கீழே நுழைகிறது.
தண்ணீரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.
அந்தப் பக்கம் பத்தொன்பது குடும்பத்தின் காணி.
படத்தின் கீழே பெயர்கள்,
இடம் போதாமல் இரண்டு நிரலில்.

இரவு இரண்டு தரம் கரண்ட் போனது.
ஒவ்வொரு தரமும் வேறு பெயரில் சேமித்தேன்:
குளம் புதியது,
குளம் திருத்தியது.
மூன்றாவதுக்கு 'இறுதி' என்று தட்டப்போய்
கை நின்றது.
வன்னியில் அந்தச் சொல்லுக்கு
முன்பே ஒரு வேலை இருக்கிறது.
'குளம் மூன்று' என்று வைத்தேன்.

ஒட்டுசுட்டான் சந்தியில், வசந்தரூபனின் கடை.
"அக்கா, கலரோ?
கலர் எண்டால் காசு கூட."
கறுப்பு வெள்ளை,
தாளுக்கு ஆறு சிலைட்,
மூன்று தாள் சேர்த்து ஒரு குத்து, நாற்பது பிரதி.
மை முடியப்போகிற பிறின்ரர்
ஒவ்வொரு தாளிலும் வெள்ளைக் கோடொன்று இழுத்தது.
குளத்து நீரும் காய்ந்த வரம்பும்
ஒரே சாம்பல்.
சூடு ஆறாத தாள்களை மடியில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் வந்தேன்.
எண்ணிப் பார்த்தேன், வாசிக்கவில்லை.

மண்டபத்து லாப்ரொப்பில் பாமினி இல்லை.
தலைப்பு முழுக்க
அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாய்ச் சிதறிக்கிடந்தது.
வந்தவர்கள் பணிஸ் சாப்பிட்டு முடிக்குமுன்
பென்ரைவிலிருந்து எழுத்துருவை ஏற்றினேன்.
தமிழ் வந்தது.

எட்டு, அணைக்கட்டு.
ஒன்பது, செலவு.
பத்து, துருசு திருத்தம்.
பன்னிரண்டு, விளைச்சல்.
சுவரில் ஒரு தடக்கலும் இல்லை.

ஆனால் மண்டபத்தில் தாள் புரளும் சத்தம்
ஓரிடத்தில் நின்றது,
பிறகு பின்வரிசையிலும் நின்றது.

மூன்றாம் வரிசையில் பேரின்பவதி எழும்பினா.
"தங்கச்சி, இரண்டாம் தாள், அஞ்சாம் பெட்டி.
தாளில இருக்கிறது சுவரில இல்லையே?"

காட்டும்போது மறைத்ததைத்
தாண்டிப் போகும் இந்த மென்பொருள்.
அச்சிடும்போது தாண்டாது.
வேண்டாமென்றால் அதை நாமே
தனியாகச் சொல்லவேண்டும்.
கடையில் அந்தச் சிறு கட்டத்துச் சரி அடையாளத்தை
நான் பார்க்கவில்லை.
பார்த்தேனோ தெரியாது.

கொழும்பு ஆள் தாளைத் திருப்பி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.
நான் சேரைப் பார்த்தேன்.
சேர் மின்விசிறியைப் பார்த்தார்.

விசைப்பலகையில்
ஒன்று.
ஒன்று.
என்ரர்.

வந்தது, நிறத்தோடு.
தண்ணீர் அவ்வளவு பச்சை என்று
எனக்கே மறந்துபோயிருந்தது.

அவ நேரே சுவரடிக்குப் போனா.
புரொஜெக்ரர் வெளிச்சம் முதுகில் விழ,
வாய்க்கால் சேலைமேல் ஓடியது,
கம்பி தோளில்.
விரலால் நிரலைத் தடவித் தன்னைத் தேடினா.
"இஞ்ச. என்ர பேரில ஒரு அரவு கூடிப்போச்சு.
பேரின்பவாதி எண்டு கிடக்கு.
இதைக் கொண்டுபோனால்
உறுதியோட பொருந்தாதெண்டு திருப்பி அனுப்புவினம்."

காட்சியை நிறுத்தினேன்.
அத்தனை பேர் பார்க்க
ஒரு அரவை எடுத்தேன்.
சேமித்தேன்.

சேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
யாருக்கென்று இல்லாமல்,
"அடுத்தது" என்றார்.